உள்ளே மூன்று தையல்

போன மாதம் எங்கள் கம்பெனியில் டிசைன் பிரிவுக்கு ஓர் ஆள் எடுத்தோம். திருப்பூரில் 'கம்பெனி' என்றால் பனியன் கம்பெனிதான். வந்தவர்களில் ஒரு பையன், இந்த வருஷம்தான் படிப்பை முடித்தவன். லேப்டாப்பில் தன் வேலைகளை எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் ஒரு துணிப்பையிலிருந்து காட்டன் கவுன் ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தான். இறுதியாண்டு கலெக்‌ஷனில் ஒன்றாம். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் பேசிக்கொண்டே, பழக்கதோஷத்தில், கவுனை உள்பக்கம் திருப்பினேன். சைடில் ஓர் அங்குலத்துக்கு மேல் துணி விட்டிருந்தது. அதில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று கோடு. உடம்புப் பக்கமிருந்த கோட்டில் நூல் இல்லை, ஊசி போன துளைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. மற்ற இரண்டிலும் தையல் இருந்தது.

"யாருப்பா தைச்சது?" என்று கேட்டேன். "நான்தான் மேடம்" என்றான். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அந்த வேகம் எனக்குத் தெரியும். "நல்லாயிருக்கு" என்று சொல்லிக் கவுனை மடித்துக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு வேலையும் கிடைத்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து இது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவன் சொன்ன பொய்யைவிட, அதைக் கேட்டுக்கொண்டு நான் பேசாமல் இருந்துவிட்டதுதான் உறுத்தல். காரணம் எளிது. இதே ஊரில், இதே கேள்விக்கு, இதே பதிலை 2008-ல் நானும் சொல்லியிருக்கிறேன். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அதை மடித்துக் கொடுக்கவில்லை.

ஆத்தங்குடி டைல்ஸ்

எனக்கு ஊர் திண்டுக்கல். பிளஸ் டூ முடித்ததும் ஃபேஷன் டிசைன் படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாதான், "தையல் கத்துக்கிறதுக்கு எதுக்குடி காலேஜு? நம்ம தெருமுனையில மிஷின் போட்டிருக்காரே, அவர்கிட்ட ஆறு மாசம் போனா போதாதா?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் டெய்லருக்குப் படிக்கலை பெரியம்மா, டிசைனருக்குப் படிக்கப்போறேன்" என்றேன். இந்த வாக்கியத்தை அடுத்த மூன்று வருஷத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா, கல்யாண வீட்டில் பார்த்த மாமாக்கள், ஹாஸ்டல் வார்டன் வரைக்கும். ஃபேஷன் படித்த எல்லோரும் ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள்.

நிஃப்ட் என்கிற தேசிய ஃபேஷன் கல்லூரியின் நுழைவுத் தேர்வும் எழுதினேன், தேறவில்லை. சென்னை தரமணியில் இருக்கும் அதன் கேம்பஸை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அந்தத் தேர்வில் எழுத்துத் தேர்வைத் தாண்டியவர்களுக்குச் சிச்சுவேஷன் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. கையில் கொஞ்சம் பொருட்களைக் கொடுத்து, இதை வைத்து ஒரு மாதிரி செய்து காட்டு என்பார்கள். கை எப்படி யோசிக்கிறது என்று பார்க்கத்தான் அது. அந்தக் கட்டம் வரைக்கும் நான் போகவே இல்லை. கோவையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் கிடைத்தது.

நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் வகுப்புக்கு ஆறு மிஷின், முப்பத்தெட்டு பேர். ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதற்குக் காலர் வகைகள், பாக்கெட் வகைகள், பிளாக்கெட் வகைகள் என்று குட்டிக்குட்டியாகத் தைத்து வைக்க வேண்டும். இரண்டாம் வருஷத்திலேயே கல்லூரிக்குப் பின்புறச் சந்தில் இருந்த ஒரு டெய்லர் கடை எங்களுக்கு அறிமுகமாகிவிட்டது. ஜாக்கெட் தைக்கிற கடை. சீனியர்கள் கைகாட்டிவிட்டுப் போன இடம். ரெக்கார்டு சாம்பிள் ஒன்றுக்கு இவ்வளவு, கலெக்‌ஷன் உடுப்புக்கு இவ்வளவு என்று அவரிடம் ரேட்டே இருந்தது. பருவத் தேர்வு சமயத்தில் எங்களைப் பார்த்ததும், "எந்த யூனிட்மா?" என்று கேட்பார். பாடத்திட்டம் எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இறுதியாண்டு கலெக்‌ஷனுக்கு நான் எடுத்த தீம் ஆத்தங்குடி டைல்ஸ். சிரிக்காதீர்கள். அந்த வருஷம் எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர் செட்டிநாடு, இரண்டு பேர் மாமல்லபுரம், ஒருத்தி ஜல்லிக்கட்டு. தமிழ்நாட்டு ஃபேஷன் மாணவர்களால் காரைக்குடி வீடுகளின் தரை தேய்ந்திருக்கும். மூட் போர்டு (தீமுக்கான படங்களை ஒட்டிய அட்டை), கலர் போர்டு, ஸ்கெட்ச் எல்லாம் ராத்திரி பகலாக நானே செய்தேன், அதில் பொய்யில்லை. ஐந்து உடுப்புகளையும் தைத்தது சந்துக்கடைக்காரர். மொத்தம் 1,800 ரூபாய். ஃபோட்டோ எடுத்து, ஸ்பைரல் போட்டு, முதல் பக்கத்தில் என் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்துக்கொண்டேன். அவர் பெயரை எங்குமே போடவில்லை. போடவேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

"இது ஆரு தைச்சது?"

வேலைக்கு வந்தது அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு. முதலாளி வெளியூர் போயிருந்ததால், மாதிரி உடுப்பு தைக்கும் சாம்பிள் ரூமில் உட்காரச் சொன்னார்கள். அங்கே பேட்டர்ன் மாஸ்டர், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு மாதிரிகளைப் போடுகிறவர், இருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கழுத்தில் இஞ்ச் டேப். மூட் போர்டைப் புரட்டவில்லை, ஸ்கெட்சையும் பார்க்கவில்லை. நான் கொண்டுபோன உடுப்பில் ஒன்றை எடுத்தார். கோழியை உரிப்பதுபோல ஒரே இழுப்பில் உள்பக்கம் வெளியே வந்துவிட்டது.

"ஏனம்மிணி, இது ஆரு தைச்சது?"

"நான்தாங்க சார்."

அவர் சைடு தையலை விரலால் நெருடினார். "ஜாக்கெட் தைக்கிற கை இது. இங்க பாரு, ஒரு இஞ்சு உள்ள விட்டு மூணு தையல் போட்டிருக்கு. வாங்கிட்டுப் போற பொம்பளைக்கு ரெண்டு வருஷத்துல ஒடம்பு வெச்சா ஒவ்வொண்ணா பிரிச்சு உட்டுக்கறதுக்கு. உங்க காலேஜுல மாடலுக்கு ஒடம்பு வெக்கும்னு சொல்லிக்குடுத்தாங்களா?"

சாம்பிள் டெய்லர்கள் நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன். அதற்குள் அவர் ஒரு டீ-ஷர்ட் பாடியைத் தூக்கிப் போட்டார், தோள் சேர்த்தது, கழுத்து திறந்தது. கூட ஒரு ரிப் துணி, கழுத்துப் பட்டிக்கான இழுபடும் பின்னல் துணி. "கழுத்து ஏத்திட்டுப் போ" என்றார்.

நான் படித்ததெல்லாம் தறித்துணி. பின்னல் துணியை ஓவர்லாக்கில் ஓட்டிய அனுபவம் மொத்தமாகப் பத்து நிமிஷம் இருக்கும். அந்த மிஷினில் ஊசிக்கு முன்னாலேயே கத்தி ஓடும். சாதாரண மிஷினில் தப்பினால் பிரித்துத் தைக்கலாம், இதில் தப்பினால் துணியே போய்விடும். கை நடுங்க, கழுத்து வட்டத்தை அளந்தேன். 40 சென்டிமீட்டர். பள்ளிக்கூடக் கணக்குப்படி ரிப்பையும் 40 சென்டிமீட்டர் வெட்டினேன், தையலுக்குக் கொஞ்சம் கூட விட்டு. சுற்றி ஓட்டி முடித்தேன். ஒழுங்காகத்தான் வந்திருந்தது, கோணல்மாணல் இல்லை. மாஸ்டர் அதை வாங்கி, மூலையில் நின்ற பொம்மைக்கு மாட்டினார்.

கழுத்தை ஒட்டிப் படுக்க வேண்டிய ரிப், சுற்றிலும் எழுந்து நின்றது. ஒரு கிண்ணத்தைக் கழுத்தில் மாட்டியதுபோல. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே தப்பு என்று எனக்கு விளங்கவே இல்லை. அளவு சரி, தையலும் சரி.

அவர் சிரிக்கவில்லை. அதே ரிப்பில் இன்னொரு துண்டு எடுத்து, 34-ல் வெட்டினார். வட்டமாகச் சேர்த்து, நாலு இடத்தில் குறி போட்டு, கழுத்தின் நாலு குறியோடு பொருத்திப் பிடித்து, இழுத்த இழுப்பிலேயே ஓட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பொம்மைக்கு மாட்டினால் ரிப் பூனைக்குட்டி மாதிரி படுத்துக்கொண்டது. "ரிப்பு எப்பவும் பத்தாம வெட்டோணும். இழுத்துத் தைக்கோணும். அது சுருங்கப் பாக்கும், துணி உடாது, அப்பத்தான் உக்காரும்" என்றார். உள் விளிம்பின் சுற்றளவு வெளி விளிம்பைவிடக் குறைவு, அதனால் சம நீளத்தில் வெட்டினால் உள்ளே துணி மிஞ்சும், மிஞ்சியது போக இடமில்லாமல் எழுந்து நிற்கும். இந்த விளக்கம் நான் பிற்பாடு பேப்பரில் வட்டம் போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டது. அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்றைக்கு என்னைத் துரத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். "திங்கக்கிழமை வா. டிசைன் ரூமுக்குப் போகாத, ஒரு வருஷம் இங்க இரு" என்றார். சம்பளம் 4,500.

480 கிலோ

சாம்பிள் ரூமில் கழிந்த அந்த ஒரு வருஷத்தைப் பற்றி விரித்தால் இந்தப் பதிவு முடியாது. இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு ஐரோப்பிய பையருக்கு, அதாவது எங்களிடம் ஆர்டர் கொடுத்து வாங்கும் நிறுவனத்துக்கு, இரண்டிலிருந்து மூன்று வயதுக் குழந்தைக்கான டீ-ஷர்ட். நான் கழுத்தை ஒரு சென்டிமீட்டர் குறைத்தேன், படத்தில் அப்போதுதான் லட்சணமாக இருந்தது. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் அப்படியே தைக்கச் சொன்னார். கேன்டீன் அக்காவின் பேரனைக் கூப்பிட்டு மாட்டினோம். காதோடு நின்றுவிட்டது. குழந்தை உள்ளேயிருந்து ஓவென்று அழ, நான் இழுக்க, ஒரே ரகளை. அந்த வயதில் தலைச்சுற்றளவு 50 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். நெஞ்சோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தலை ரொம்பப் பெரிது. கழுத்தை இழுத்துப் பிடித்து அளக்கும்போது தலை நுழைகிற அளவு வரவேண்டும், வராவிட்டால் தோளில் பிரஸ் பட்டன் வைத்துத் திறக்கவேண்டும். அதற்குப் பிறகு ஒரு ஹூடிக்குக் கழுத்தில் கயிறு வரைந்து கொடுத்தேன். பையரிடமிருந்து ஒற்றை வரியில் திரும்பி வந்தது. ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் உடுப்பில் தலையிலும் கழுத்திலும் தொங்கும் கயிறே கூடாது என்று ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமே இருக்கிறது. சறுக்குமரத்தில் மாட்டிக் குழந்தைகள் இறந்த பிறகு வந்த விதிகள் இவை. நான் அழகுக்கு வரைந்தது ஒரு ஆபத்து என்பது படம் வரைகையில் தோன்றவே இல்லை.

இன்னொன்று, ஃபிரில். அதே குழந்தை டீ-ஷர்ட்டுக்குக் கையோரத்தில் ஒரு சின்ன ஃபிரில் வைத்தேன். மாஸ்டர் ஒரு பழைய பில்லின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். எல்லாம் சென்டிமீட்டரில். உடம்பு நீளம் 42, கை 13, மடிப்புக்கும் தையலுக்கும் 7, ஆக 62. நெஞ்சு 32, கூட 3, ஆக 35. 62-ஐ 35-ஆல் பெருக்கி, முன்னும் பின்னும் என்பதால் இரண்டால் பெருக்கி, துணியின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற எடை) 160-ஆல் பெருக்கி, பத்தாயிரத்தால் வகுத்தால் 69 கிராம் சொச்சம். வேஸ்டேஜ் தனி. "உன் ஃபிரில் எட்டு கிராம். ஆர்டர் அறுபதாயிரம் பீஸ்." பென்சிலை என்னிடம் நீட்டினார். 480 கிலோ. நான் நோட்டில் ஒரு கோடு வளைத்ததற்கு ஒரு டெம்போ துணி. ஃபிரில் வைக்காதே என்று அவர் சொல்லவில்லை. வைக்கிறாயா என்றுதான் கேட்டார். வைத்தோம், பாதி அகலத்தில்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நான் அப்போது டிசைன் ரூமுக்குப் போயிருந்தேன். துணி சாயத்துக்கு வெளியூர்களுக்குப் போய் அலைந்து வந்தது, ஒரு லேப் டிப்புக்கு, நிறம் பார்க்கச் சாயம் போட்டு வரும் சின்னத் துண்டுக்கு, வாரக்கணக்கில் காத்திருந்தோம். அதுவரை நிறம் என்றால் எனக்குப் பேன்டோன் நிற அட்டையில் ஒரு சதுரம். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கு உப்பு கிலோ கிலோவாக வேண்டும், அடர்ந்த நிறமாக இருந்தால் இன்னும் அதிகம், அந்த உப்புதான் நொய்யல் வழியாக ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் போய் நின்றது என்பதெல்லாம் அந்த மாதங்களில்தான் உறைத்தது. இன்றைக்கும் கறுப்பு கேட்கும்போது கை ஒரு நொடி நிற்கும். கேட்காமல் விடுவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டிசைனர் நாற்காலி

படிக்க வருகிறவர்களிடம் யாரும் நேராகச் சொல்லாத ஒரு விஷயம். திருப்பூர் மாதிரி ஊரில் டிசைனர் நாற்காலிகள் குறைவு. டிசைன் பெரும்பாலும் பையர் அனுப்பும் டெக் பேக்கிலேயே, படமும் அளவும் எழுதிய குறிப்பிலேயே, வந்துவிடும். படித்தவர்களில் நிறையப் பேர் மெர்ச்சண்டைசர் ஆகிவிடுவார்கள், பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிக்கிற வேலை, நாள் முழுக்க மெயிலும் போனும். சிலர் கேட் (CAD, கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுவது), சிலர் குவாலிட்டி. இது தோல்வி ஒன்றும் இல்லை. என் வகுப்புத் தோழிகளில் நன்றாகச் சம்பாதிப்பது மெர்ச்சண்டைசர்கள்தான்.

சரி, அந்த நாற்காலியில் உட்காரத் தையல் தெரிந்தே ஆகவேண்டுமா? இதில்தான் எனக்குள் தகராறு. பிரிட்டிஷ் டிசைனர் அலெக்சாண்டர் மெக்குவீன் 16 வயதில் பள்ளியை விட்டுவிட்டு லண்டன் சாவில் ரோவில் ஒரு தையல் கடையில் தொழில் பழகச் சேர்ந்து கோட்டு தைக்கக் கற்றவர். அவரை உதாரணம் காட்டி ஜூனியர்களிடம் நிறையப் பேசியிருக்கிறேன். ஆனால் ஜப்பானிய டிசைனர் ரெய் கவாகுபோவை என்ன செய்வது? ஃபேஷனே படிக்காதவர். காம் தெ கார்சோன் என்ற தன் கம்பெனியைத் தொடங்கிய பிறகும் பேட்டர்ன் வெட்டுகிறவர்களை நம்பியே வேலை செய்தவர். கசக்கிய காகிதம் ஒன்றைக் கொடுத்து, இதுபோல ஒரு பேட்டர்ன் வேண்டும் என்று கேட்டவர் என்பார்கள். அவர் உடுப்புகள் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தன. எனவே 'தைக்கத் தெரியாதவர் டிசைனர் இல்லை' என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

அப்புறம், மாஸ்டரைப் பற்றி நான் இப்படி உருகி எழுதுவதிலும் ஒரு கள்ளம் இருக்கிறது. நான் சேர்ந்த ஐந்தாவது வருஷம் என் சம்பளம் அவர் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. அவர் கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான் தாண்டினேன். மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். "இந்தக் கத்திரி என்னோட போகட்டும் அம்மிணி" என்று சொல்லிவிட்டுத்தான் ஓய்வுபெற்றுப் போனார். டெய்லர்தான் குரு என்று நாங்கள் எல்லோரும் மேடையில் பேசுவோம். நம் பிள்ளையை டெய்லராக்குவோமா என்றால் பேச்சு நின்றுவிடும். என் பேச்சும்தான்.

இப்போது பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு வேலை கிடைத்தது கவுனால் அல்ல, லேப்டாப்பால். க்ளோ என்ற 3டி சாஃப்ட்வேரில் பேட்டர்னைப் போட்டு, திரையில் ஒரு பொம்மைக்கு மாட்டி, நடக்கவிட்டுக் காட்டினான். நிறம் மாற்ற ஒரு நொடி. பையருக்குக் கூரியரில் நாலு சாம்பிள் போன இடத்தில் இப்போது ஒன்று போனால் போதும். முதலாளி பார்த்ததும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மாஸ்டர் செய்ததை நான் செய்திருந்தால், ஓவர்லாக்கில் உட்கார வைத்திருந்தால், அவன் அவமானப்பட்டிருப்பான், அவ்வளவுதான். அதனால்தான் பேசாமல் விட்டேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது இரக்கமா, இல்லை மாஸ்டர் அளவுக்கு ஒருத்தன்மேல் ஒரு வருஷம் செலவழிக்க எனக்கு மனமில்லாமல் போனதா என்று தெரியவில்லை. இரண்டாவதுதான் என்று சந்தேகம்.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம், எல்லோரும் கிளம்பிய பிறகு, அவன் திரையில் ஒரு டீ-ஷர்ட் ஓடிக்கொண்டிருந்தது. ரிப் அழகாகப் படுத்திருந்தது. "ரிப் எவ்வளவு போட்டே?" என்றேன்.

"கழுத்துல எண்பத்தஞ்சு பர்சென்ட் மேடம். காலேஜ்ல மொதல்ல சமமாத்தான் போட்டேன். சிமுலேஷன்ல எந்திரிச்சு நின்னுச்சு. குறைச்சுக் குறைச்சுப் பாத்தேன்."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. நாலு டெய்லர்கள் சிரிக்க நான் கற்றுக்கொண்டதை இவன் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து, ஒருத்தருக்கும் தெரியாமல் கற்றுக்கொண்டிருக்கிறான். பொறாமையாகக்கூட இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன். "அந்தக் கவுன் ஜாக்கெட் தைக்கிற கைப்பா. மூணு தையல்."

அவன் முகம் சிவந்துவிட்டது. கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்மா மேடம். வீட்லதான் தைக்கிறாங்க. டெய்லர் வீட்டுப் பையன்னு தெரிஞ்சா டிசைனுக்கு எடுக்க மாட்டாங்கன்னு..."

"மாடலுக்குத் தைச்சதுக்கு எதுக்கு மூணு தையல்? யாரு பிரிச்சு விடப்போறா?"

"அம்மாவுக்குக் கை அப்படியே பழகிருச்சு மேடம்" என்றான். பிறகு முதல்முறையாகச் சிரித்தான். "ஆனா ஒண்ணு பிரிச்சாச்சு. தீபாவளிக்குத் தங்கச்சி போட்டுக்கிட்டா."